சொல் விளக்கம்: இம்பீச்மென்ட்

இம்பீச்மென்ட் என்றதுமே பதவி பறிபோய்விட்டது என்று பலரும் எண்ணுகிறோம். சொல்லின் பொருள் அதுவன்று. லத்தீனில் ‘பெடிக்கா’ என்றால் காலில் பூட்டும் தளை. அந்த வேரிலிருந்து, தடுத்தல் என்ற பொருளோடு பழைய பிரெஞ்சுக்கும் பின் ஆங்கிலத்துக்கும் வந்து, ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர்மீது குற்றம் சாட்டுதல் என்று நிலைத்தது.

அமெரிக்க அரசியலமைப்பில் இதற்கு இரண்டு படிகள். பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையால் குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும். அவைக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால்தான் தண்டனை. அதிபர்கள் ஆண்ட்ரூ ஜான்சன் (1868), பில் கிளின்டன் (1998), டொனால்ட் டிரம்ப் (2019, 2021) ஆகியோர்மீது குற்றம் சாட்டப்பட்டது. ஒருவரையும் செனட் குற்றவாளி எனத் தீர்க்கவில்லை.

அதிபரின் மன்னிப்பு அதிகாரத்துக்கும் இந்தச் சொல்லே வேலி. கூட்டாட்சிச் சட்டத்துக்கு எதிரான குற்றங்களை அவர் மன்னிக்கலாம். இம்பீச்மென்டை மன்னிக்க முடியாது.

தமிழ்நாட்டில் வழங்கும் ‘பதவி நீக்கத் தீர்மானம்’ முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இலங்கைத் தமிழரின் ‘குற்றப் பிரேரணை’ மூலச்சொல்லின் பொருளைக் காக்கிறது. தீர்ப்புக்கு முன் விசாரணை உண்டு என்பதை நினைவூட்டும் சொல்லே நமக்கு வேண்டும்.