அலுவல் ஆங்கிலம்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இவ்விரு நகரங்களில் வேலை நிமித்தம் கையாளப்படும் ஆங்கிலம், பேச்சைவிடத் தாளில்தான் அதிகம் புழங்குகிறது. ராஜபாளையத்து ராஜு சமூகத்தினர் வீட்டில் பேசுவது தெலுங்கு. கடைத்தெருவில் எல்லோருக்கும் தமிழ். 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் வழியே தாலுகா அலுவலகக் கோப்புகளும் தமிழுக்கு வந்துவிட்டன. வெளியூர் வாங்குபவர், வங்கி, இயந்திரக் கம்பெனி என்று ஊருக்கு வெளியே பார்த்து நிற்கும் இடங்களில்தான் ஆங்கிலம் தேவைப்படுகிறது.

ஆங்கில ஆட்சிக் காலத்தின் சுவடு ஸ்ரீவில்லிபுத்தூரில் முன்பே உண்டு. அன்றைய திருநெல்வேலி கலெக்டரின் பெயரைத் தாங்கிய பென்னிங்டன் நூலகம் 1875இல் தோன்றியது. தொழிலோடு ஆங்கிலம் பிணைந்ததில் பஞ்சாலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். ஆலைக்குள் ரிங் ஃபிரேம், கோன், டாஃபிங் போன்ற நூற்புச் சொற்கள் எல்லாமே தமிழ்ப் பேச்சின் பகுதி. நூலின் பருமனைக் குறிக்கும் கவுண்ட்கூட ஆங்கில அளவைதான்: ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டங்கள் நாற்பது வந்தால் அது 40ஆம் நம்பர் நூல். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தைக் கண்டு மிரண்டவரும் இந்தக் கணக்கில் தடுமாறுவதில்லை. ஷிப்ட் முடிவில் பதிவேட்டில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதச் சொன்னால்தான் கை நிற்கும்.

இந்த ஆங்கிலத்தின் கண்டிப்பை முழுதாகக் காட்டுவது மருத்துவத் துணி ஏற்றுமதி. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி பேண்டேஜ், காஸ் துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. பிரிட்டிஷ் பார்மகோபியா என்னும் மருந்துத் தரநூலின்படி டைப் 13, டைப் 17 என்று வாங்குபவர் கேட்டால், அந்த எண் ஒரு சதுர சென்டிமீட்டரில் இருக்கும் இழைகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. அஞ்சலில் எண்ணை மாற்றிப் படித்தால் தறியில் வேறு துணி ஓடும். பணம் எல்.சி. என்னும் வங்கிக் கடனுறுதிக் கடிதத்தின் வழியாக வருமானால் எச்சரிக்கை இன்னும் கூட வேண்டும். 2007 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள, எல்.சி.க்கான யு.சி.பி. 600 என்னும் பன்னாட்டு விதிகளின்படி வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, ஆவணங்களை மட்டுமே பார்க்கிறது. அவற்றைச் சரிபார்க்க அதிகபட்சம் ஐந்து வங்கி வேலைநாள் அவகாசம். இன்வாய்ஸில் சரக்கின் விவரம் எல்.சி.யில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். அழகான ஆங்கிலம் எழுத ஆசைப்பட்டு அந்த விவரத்தை வேறு சொற்களில் மாற்றி எழுதுபவர், முதலாளியின் பணத்தை வங்கியில் நிறுத்திவைப்பார். புதுமை வேண்டாத ஆங்கிலம் இது.

தாளில் எழுதும் இந்த ஆங்கிலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் பங்குண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பண்டத்தை டப்பாவில் அடைத்து விற்பவர், உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி உட்பொருள், எடை, தேதி முதலிய கட்டாய விவரங்களை ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ அச்சிட வேண்டும். தமிழ் கூடுதலாக இருக்கலாம். தமிழ் மட்டும் போதாது.

கற்பிக்கும் இடங்களுக்குக் குறைவில்லை. ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி 1973இலும், கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி 1984இலும் தொடங்கின. பின்னது 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013இல் வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் தொழில்முறை ஆங்கிலம் முதலிரண்டு பருவங்களிலும் பாடமாக வைக்கப்பட்டது. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்திலும் ஆங்கிலப் பயிற்சி உண்டு. கேம்பிரிட்ஜின் பிசினஸ் இங்கிலீஷ் தேர்வுகளைத் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பல மாணவர்களுக்கு நடத்தியிருக்கின்றன.

பயிற்சியின் நோக்கம்தான் கேள்விக்குரியது. குழு விவாதம், நேர்காணல், தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவது என்று வேலை கிடைக்கும் நாளோடு பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வேலையில் சேர்ந்த பிறகு வருவது வேறு: கறை படிந்த துணிக்கட்டு (பேல்) பற்றிய புகாருக்குப் பதில், தாமதத்துக்கு விளக்கம், வரவேண்டிய பாக்கியை முகம் கோணாமல் கேட்பது. பள்ளியில் மனப்பாடம் செய்த விடுப்புக் கடிதத்தின் அமைப்பே பலருக்கு அப்போது கைகொடுக்கிறது. மரியாதை வார்த்தைகள் மூன்று வரி, காரணம் நான்கு வரி, கேட்க வந்தது கடைசி வரி. வெளிநாட்டு வாங்குபவர் முதல் வரியைத்தான் படிக்கிறார். மரியாதையைக் குறைக்க வேண்டியதில்லை, வந்த காரியத்தை மேலே கொண்டுவந்தால் போதும்.

இலக்கணப் பிழைக்கு அஞ்சி வாய் திறக்காதவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. ஆனால் எண், தேதி, அளவு, பெயர் நான்கும் சரியாக இருக்கும் பிழையுள்ள கடிதம் வேலையை முடிக்கும். இலக்கணம் சரியாக இருந்து தேதி தவறிய கடிதம் முடிக்காது. ஆகவே இவ்வட்டாரத்தில் அலுவல் ஆங்கிலம் கற்க விரும்புபவர், பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டும் முன், தம் அலுவலகத்தின் பழைய கடிதக் கோப்பை அனுமதி கேட்டு வாங்கி ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது.