காணொளி வழி மருத்துவ ஆலோசனை

நோயாளி ஓரிடத்திலும் மருத்துவர் வேறோரிடத்திலும் இருந்துகொண்டு, திரையில் முகம் பார்த்துப் பேசிச் சிகிச்சை பெறும் முறை. தொலை மருத்துவத்தின் ஒரு கிளை. இந்தியாவில் இதன் முன்னோடி, 2000இல் ஆந்திரத்தின் அரகொண்டா கிராமத்தில் அப்பல்லோ மருத்துவமனை தொடங்கிய மையம். அடுத்த ஆண்டு முதல் இஸ்ரோ செயற்கைக்கோள் இணைப்புகளை வழங்கியது. ஆனால் இது வீடுகளுக்குள் நுழைந்தது கொரோனா காலத்தில்தான். 2020 மார்ச் 25 அன்று தொலை மருத்துவ நெறிமுறைகள் வெளியாயின. ஏப்ரலில் அரசின் ‘இ-சஞ்சீவனி’ இலவச புறநோயாளர் சேவை தொடங்கியது. அதன் தொடக்க மாதங்களில் அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

நோய் இன்னதென்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கே இதனால் பெரும் பயன். சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகள் வீட்டில் எடுத்த அளவுகளைச் சொல்லி மருந்தைச் சரிசெய்துகொள்ளலாம். ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் மிஞ்சும். நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால் புதிய நோய்களையும் இவ்வழியில் கண்டுபிடிக்க முடியும். அரவிந்த் கண் மருத்துவமனையின் ‘விஷன் சென்டர்’கள் இதற்குச் சிறந்த சான்று. தேனி வட்டாரத்தில் 2004 வாக்கில் தொடங்கிய இந்த மையங்களில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதித்துப் படங்களை அனுப்புவார்; மருத்துவர் அவற்றைப் பார்த்தபின் நோயாளியிடமே பேசுவார். அறுவை சிகிச்சையோ மேல்பரிசோதனையோ தேவைப்படுவோர் மட்டும் பெரிய மருத்துவமனைக்குப் பயணப்பட்டால் போதும்.

பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லாத முதல் ஆலோசனையில்தான் ஆபத்து மிகுதி. குடல்வால் அழற்சி என்று சந்தேகிக்கும் மருத்துவர், வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தை அழுத்திச் சட்டென்று விட்டுப் பார்ப்பார். அந்தக் கணத்தில் நோயாளி துடிப்பது முக்கியமான அறிகுறி. திரை வழியே அதைச் செய்ய வழியில்லை. மூச்சு வாங்கும் குழந்தையின் சட்டையைத் தூக்கச் சொல்லி, விலாப் பகுதி உள்வாங்குவதைப் பார்க்கலாம், மூச்சை எண்ணலாம். ஆனால் நுரையீரலின் ஒலியைச் சாதாரணக் கைபேசியில் கேட்க இயலாது. மஞ்சள் விளக்கொளியில் மஞ்சள் காமாலையும் தப்பிவிடும்.

அந்தரங்கம் இன்னொரு சிக்கல். ஒரே கைபேசியைக் குடும்பமே பகிரும் வீட்டில், மாமியார் அருகிலிருக்க ஒரு பெண் தன் மாதவிடாய்க் கோளாற்றையோ கணவன் அடிப்பதையோ சொல்லமாட்டாள். தனியே பேச வசதி உண்டா என்று மருத்துவர் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது அவசியம்.

நெறிமுறைகள் பல இடங்களில் தெளிவாக உள்ளன. மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். சில மருந்துகளை முதல் ஆலோசனையில் எழுத வேண்டுமானால் அது காணொளியாகவே இருக்க வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும் மருந்துகளைப் பொதுவாக எழுதக் கூடாது. செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்கு உதவலாம், அதுவே நோயாளிக்கு மருந்து எழுத அனுமதியில்லை. அவசர நிலையில் முதலுதவி சொல்லி, நேரில் சிகிச்சை பெற உடனே அனுப்ப வேண்டும். நெஞ்சுவலியோ திடீரென வாய் கோணுவதோ கை செயலிழப்பதோ நேர்ந்தால், காணொளி இணைப்புக்குக் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும்.