நிறுவனத்தின் விடுமுறைப் பட்டியல்: பெருநாளுக்குத் தேதி குறிப்பது எப்படி?

டிசம்பர் பிறந்துவிட்டால் பெரும்பாலான நிறுவனங்களில் அடுத்த ஆண்டுக்கான விடுமுறைப் பட்டியல் தயாராகிவிடும். மனிதவளப் பிரிவில் இருப்பவர் அரசின் பொது விடுமுறை அறிவிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து பத்து அல்லது பன்னிரண்டு நாட்களைத் தேர்ந்து, நிர்வாகத்தின் ஒப்புதலோடு எல்லோருக்கும் அனுப்பிவிடுவார். நம் சகோதர சகோதரிகள் பலர் அந்தப் பட்டியலைக் கவனித்துப் பார்ப்பதோ ரமலானின் கடைசி வாரத்தில்தான். அப்போது மேலாளரிடம் போய், "பிறை தெரிந்தால் நாளைக்கு, தெரியாவிட்டால் நாளை மறுநாள்" என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. கேட்பவருக்கும் சங்கடம், கொடுப்பவருக்கும் எரிச்சல். பட்டியல் போடும்போதே ஒரு வரி சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம் இது.

சட்டம் சொல்வது என்ன?

அரசு அலுவலகங்களுக்கு விடப்படும் பொது விடுமுறைகள் அத்தனையும் தனியார் நிறுவனங்களுக்கும் கட்டாயம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. தமிழ்நாட்டில் தனியார் நிறுவனங்களுக்கென்று 1958ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள்) சட்டம் இருக்கிறது. தொழிற்சாலைகள் மட்டுமல்ல, கடைகளும் வணிக அலுவலகங்களும் இதற்குள் வருகின்றன. இதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும் கட்டாயம். இவை தவிர ஐந்து பண்டிகை நாட்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். ஆக மொத்தம் 9 நாட்கள்.

இந்த ஒன்பது என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் கொடுப்பது நிறுவனத்தின் விருப்பம். அந்த ஐந்து பண்டிகைகள் எவை என்பதைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்து ஆய்வாளர் குறிப்பிட வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதாவது, பட்டியல் போடும்போது ஊழியர்களின் கருத்துக்கும் இடம் உண்டு. இது நம்மில் பலருக்குத் தெரியாததால், யாரும் கேட்காத பட்டியல் ஆண்டுதோறும் அப்படியே நகலெடுக்கப்படுகிறது.

அந்த விடுமுறை நாளில் ஒருவரை வேலைக்கு வரச் சொன்னால், அன்றைக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். அல்லது அன்றைய சம்பளத்தோடு இன்னொரு நாளில் மாற்று விடுமுறை தர வேண்டும். தேர்தல் வாக்குப்பதிவு நாளுக்கான சம்பள விடுமுறை இந்தக் கணக்கில் சேராது. அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் கீழ் தனியாக வருகிறது.

பக்கத்து மாநிலங்களில் எண்ணிக்கை வேறு. கர்நாடகத்தில் நவம்பர் 1, மாநிலம் உருவான நாள் என்ற வகையில் கட்டாய விடுமுறை. ஆகவே சென்னையிலும் பெங்களூரிலும் கிளை வைத்திருக்கும் நிறுவனம் ஒரே பட்டியலை இரண்டுக்கும் ஒட்ட முடியாது.

தேதி உறுதியில்லாதது ஒரு நாள்தான்

"உங்கள் பண்டிகைகளுக்குத்தான் தேதியே நிச்சயமில்லையே" என்று அலுவலகத்தில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் பாதிதான் உண்மை. ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்கள் என்பதால் ஆங்கில ஆண்டில் நம் பெருநாட்கள் வருடத்துக்குச் சுமார் 11 நாட்கள் முன்னே வருகின்றன. நோன்புப் பெருநாள் தமிழ்நாட்டில் 2023இல் ஏப்ரல் 22, 2024இல் ஏப்ரல் 11, 2025இல் மார்ச் 31. இந்த நகர்வு முன்கூட்டியே தெரிந்தது. 2027இல் மார்ச் இரண்டாவது வாரம், 2028இல் பிப்ரவரி கடைசி வாரம் என்று இப்போதே குறித்துவைக்கலாம். உறுதியில்லாதது ஒரு நாள் வித்தியாசம் மட்டுமே.

அந்த ஒரு நாள் வித்தியாசமும் எல்லாப் பெருநாட்களுக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதை மனிதவளப் பிரிவினருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் துல்ஹஜ் பிறை 10இல் வருகிறது. பிறை பார்த்து மாதம் தொடங்கிய அன்றே தேதி முடிவாகிவிடுவதால் ஒன்பது நாட்கள் அவகாசம் இருக்கிறது. முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூராவும் அப்படியே. ரபீஉல் அவ்வல் 12இல் வரும் மீலாதுக்கு இன்னும் இரண்டு நாள் கூடுதல் அவகாசம். முந்தின இரவு வரை காத்திருக்க வேண்டியது நோன்புப் பெருநாள் ஒன்றுக்குத்தான்.

அரசே இந்த மாற்றங்களைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. 2024இல் தமிழக அரசு மீலாது விடுமுறையை செப்டம்பர் 16இலிருந்து 17க்கு மாற்றியது. அரசு மாற்றினாலும், ஜனவரியில் அச்சடித்த பட்டியலை வைத்திருக்கும் தனியார் அலுவலகம் பழைய தேதியிலேயே பூட்டப்பட்டு, பெருநாளன்று திறந்திருக்கும். விடுமுறையும் வீணாகிறது, பெருநாளும் போகிறது.

இதற்குத் தீர்வு ஒரே ஒரு வரி. பட்டியலில் தேதியோடு நின்றுவிடாமல், "பிறை காண்பதைப் பொறுத்து ஒரு நாள் மாறலாம். மாறினால் அரசு தலைமை காஜியின் அறிவிப்புப்படி விடுமுறையும் மாறும்" என்று எழுதிவிட வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு மட்டும் இன்னும் ஒரு படி மேலே போவது நல்லது: குறித்த தேதிக்கு அடுத்த நாளில் யாராவது விடுப்புக் கேட்டால், காரணம் கேட்காமல் ஒப்புதல் அளிக்கப்படும் என்று முன்பே சொல்லிவைப்பது. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே திறந்து தீர்ந்துவிடுகிறது. சென்னையிலிருந்து காயல்பட்டினத்துக்கோ மேலப்பாளையத்துக்கோ போக வேண்டியவர் பிறை தெரிந்த பிறகு டிக்கெட் தேட முடியாது. பெற்றோரோடு பெருநாள் தொழுகைக்குப் போகிறாரா, சென்னையில் அறையில் தனியாக இருக்கிறாரா என்பது இந்த ஒரு வரியில் தொங்குகிறது.

நமக்குள்ளேயே நாள் வேறுபடுவதையும் மறைக்க வேண்டியதில்லை. உள்ளூர்ப் பிறை, சர்வதேசப் பிறை, கணக்கீட்டு நாட்காட்டி என்று நிலைப்பாடுகள் பல. ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் இருக்கும் இருவர் வெவ்வேறு நாளில் பெருநாள் கொண்டாடுவதும் நடக்கிறது. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது மேலாளரின் வேலையல்ல. அவரை அதற்குள் இழுப்பதும் நமக்கு அழகல்ல. அலுவலக விடுமுறை ஒரு நாளில் இருக்கட்டும், தனக்கு மற்ற நாள் பெருநாள் என்பவர் அதை மாற்றிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு போதும்.

ஐந்து இடங்கள், பல பண்டிகைகள்

பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று எழுதினால் ஐந்தும் தீர்ந்துவிடுகிறது. இதில் யாருடைய பண்டிகையையும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்பது முறையல்ல. மத்திய அரசின் ஏற்பாடு இங்கே நல்ல முன்மாதிரி. டெல்லிக்கு வெளியே உள்ள அதன் அலுவலகங்களுக்கு 14 நாட்கள் பொதுவானவை. இரண்டு பெருநாட்களும் முஹர்ரமும் மீலாதும் இதில் அடக்கம். மேலும் 12 பண்டிகைகள் கொண்ட பட்டியலிலிருந்து 3 நாட்களை அந்தந்த மாநிலத்துக்கேற்பத் தேர்கிறார்கள். இதற்கு மேல் ஒவ்வோர் ஊழியரும் தனக்கு வேண்டிய 2 நாட்களை வரையறுக்கப்பட்ட விடுப்பாக, அதாவது ஆர்.எச். ஆக, எடுத்துக்கொள்ளலாம். தமிழக அரசு ஊழியர்களுக்கு இது 3 நாட்கள்.

தனியார் நிறுவனமும் எட்டு அல்லது ஒன்பது நாட்களைப் பொதுவாக வைத்து, மூன்று நாட்களை ஊழியரின் விருப்பத்துக்கு விடலாம். வட இந்தியாவிலிருந்து வந்தவர் ஹோலிக்கும் சத் பூஜைக்கும் எடுப்பார், மலையாளி ஓணத்துக்கு எடுப்பார். நாம் எதைக் கேட்பது? என் கருத்தில், இரண்டு பெருநாட்களையும் பொதுப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மற்றவை விருப்ப நாட்களில் இருக்கட்டும். ஆஷூரா பெரும்பாலோருக்கு நோன்பு நாள், வேலையோடும் வைக்கலாம். மீலாது பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ரமலான் 27ஆம் இரவுக்கு விழித்திருப்பவருக்கு மறுநாள் காலை ஓய்வு தேவைப்படும். விருப்ப நாள் என்றால் இவற்றில் எதற்கு வேண்டுமானாலும் அவரவர் எடுத்துக்கொள்ளலாம்.

வார விடுமுறையில் பண்டிகை விழுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதிவைக்க வேண்டும். 2025இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7, சனிக்கிழமை. ஆஷூரா ஜூலை 6, ஞாயிறு. குடியரசு தினமும் ஞாயிறுதான். காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் ஒரே நாளில் வந்தன. பட்டியலில் பன்னிரண்டு என்று இருந்தாலும் ஊழியருக்குக் கையில் கிடைத்தது குறைவு. இப்படி இழக்கும் நாட்களை விருப்ப விடுமுறையாக மாற்றித் தருவது நியாயமான வழி.

தேதி மாறும் தலைவலி நமக்கு மட்டும் உரியதுமல்ல. 2024இல் தீபாவளி அக்டோபர் 31ஆ நவம்பர் 1ஆ என்று நாட்டின் பல பகுதிகளில் குழப்பம் இருந்தது. புனித வெள்ளி 2024இல் மார்ச் 29, 2025இல் ஏப்ரல் 18.

கொச்சியில் கிளை உள்ள நிறுவனங்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024இல் கேரளாவில் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 10, தமிழ்நாட்டில் 11. வளைகுடா வாடிக்கையாளர்களோடு வேலை செய்பவர்களுக்கும் இதே கதை: 2025இல் சவூதியில் மார்ச் 30, இங்கே 31. வாடிக்கையாளர் விடுமுறையில் இருக்கும் நாளில் இங்கே வேலை, அவர் திரும்பி வரும்போது இங்கே விடுமுறை என்றாகிவிடும். யார் எந்த நாளில் பொறுப்பு என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

அந்த மார்ச் 31 நிதியாண்டின் கடைசி நாளும்கூட. கணக்குப் பிரிவில் இருந்த முஸ்லிம்களுக்கு அந்தப் பெருநாள் எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பட்டியல் போடும்போதே இந்த மோதல் தெரிந்திருந்தது. மார்ச் 28க்குள் முடிக்க வேண்டியவை எவை, 31 அன்று யார் இருப்பார் என்று திட்டமிட மூன்று மாதம் இருந்தது.

விடுமுறை இல்லாத நாட்கள்

ரமலான் மாதத்தை விடுமுறையாகக் குறிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டு நாட்காட்டியில் அது இருக்க வேண்டும். மாலை விருந்து, வெளியூர்ப் பயிற்சி, குழுச் சுற்றுலா போன்றவற்றை அந்த மாதத்தில் வைக்காமல் இருக்க அது உதவும். 2030இல் ஜனவரி தொடக்கத்திலும் டிசம்பர் கடைசியிலும் இரண்டு முறை ரமலான் பிறக்கும். 2033இல் ஒரே ஆண்டில் இரண்டு நோன்புப் பெருநாட்கள் வரும் என்பதையும் நீண்டகாலத் திட்டம் போடுபவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஜும்ஆ விடுமுறைப் பிரச்சினையே அல்ல, நேரப் பிரச்சினை. வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் வைக்காமல், உணவு இடைவேளையைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

நம் வாசகர்களில் முதலாளிகளும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலிலும் மண்ணடிக் கடைகளிலும் மற்ற சமூகத்தார் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். பொங்கலும் கிறிஸ்துமஸும் அவர்களுக்கு நம் பெருநாள் போலத்தான். ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்த நாட்களில் குர்பானித் தோல்கள் வந்து குவியும்; பெரியமேட்டில் அப்போது ஓய்வே இருக்காது. அந்த நாட்களில் உழைக்கும் ஊழியருக்கு எந்த நாளில் மாற்று விடுமுறை என்பதையும் அதே பட்டியலில் எழுதிவிடலாம்.

ஊழியராக இருப்பவர் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். நவம்பர் மாதத்திலேயே மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல். அடுத்த ஆண்டின் இரண்டு பெருநாட்களுக்கும் எதிர்பார்க்கப்படும் தேதி, அதற்கு அடுத்த நாள், தேதி உறுதியாவது எப்போது என்று மூன்று தகவல்கள். அதோடு, தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவசர வேலை இருந்தால் தான் வந்து பார்த்துக்கொள்வதாக ஒரு வரி சேர்த்தால், மறுப்பவர் குறைவு.