மலைப்பனியில் பெரிய வாகனம்: ரயர் தெரிவில் கவனிக்க வேண்டியவை

டாவோஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,560 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் பிள்ளைகளோடு அங்கு போகும் நம்மில் பலர், "நாலு சில்லும் இழுக்கிற எஸ்யூவிதானே" என்ற துணிவில் மலையேறுகிறோம். நான்கு சில்லு இழுவை வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. இரண்டு தொன் எடையைப் பனி இறக்கத்தில் பிடித்து நிறுத்துவது ரயரின் பிடிமானம்தான்.

வாங்கும்போது மூன்றைப் பார்ப்போம். முதலாவது, ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் போட்ட சின்னம். பனியில் சோதிக்கப்பட்டதற்கு அதுவே அடையாளம். வெறும் 'எம்+எஸ்' எழுத்து போதாது. இரண்டாவது, சுமைக் குறியீடு. 107 என்றால் ஒரு ரயர் 975 கிலோ தாங்கும். வாகனத் தயாரிப்பாளர் குறித்த எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. மூன்றாவது, தவாளிப்பின் ஆழம். சட்டம் கேட்பது 1.6 மில்லிமீற்றர், பனிக்காலத்துக்கு 4 மில்லிமீற்றராவது வேண்டும் என்கிறது ரி.சி.எஸ். வாகனச் சங்கம்.

சுவிஸில் பனிக்கால ரயர் பொதுவான சட்டக் கட்டாயம் அல்ல. ஆனாலும், பொருந்தாத ரயரோடு பனியில் ஓடி விபத்து நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை நம்மிடமே திருப்பிக் கேட்கலாம். ஒக்டோபரிலேயே மாற்றிவிடுவோம்.