கோப்பித் துருவிலிருந்து நானோ செம்பு வரை: ஊவாத் தோட்டங்களில் பங்கசுநாசினி

நானோ செம்பைப் பற்றிப் பேசுவோர் அதை 21ஆம் நூற்றாண்டின் ஆய்வுகூடச் சரக்காகவே எண்ணுகின்றனர். அதை எடைபோட உதவும் கேள்வி, அதாவது பங்கசு வரும் இடத்தில் மருந்து முன்கூட்டியே இருக்கிறதா என்பது, கோப்பிக் காலத்திலேயே இலங்கை மலைநாட்டில் எழுந்துவிட்டது என்பது என் வாதம். அந்தக் கேள்வியை மறைத்து நிற்பது கோப்பித் துருவைப் பற்றிய டானியல் மொறிஸின் வாசிப்பு.

கோப்பி இலையைத் தாக்கும் பங்கசு நோயான துரு 1869இல் மடுல்சீமையில் கண்டறியப்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து துவெய்ட்ஸ் அனுப்பிய இலைகளைக் கொண்டு பங்கசு ஆய்வாளர் பெர்க்லி அந்தப் பங்கசுக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். 1869 நோய் பதிவான ஆண்டு. பங்கசு தீவுக்குள் நுழைந்த ஆண்டும் அதுவே எனக் கொள்ளச் சான்று போதாது.

பேராதனையில் உதவிப் பணிப்பாளராக இருந்த மொறிஸ், மரத்தின் மேல் வெளிப்படையாகப் படர்ந்திருந்த இழைகளைத் துருவின் ஒரு பருவமாக வாசித்தார். ஆகவே கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து தூவினால் நோய் அழியும் என்றார். துரைமாருக்கு இதைவிட உவப்பான செய்தி கிடைத்திராது: எதிரி கண்ணுக்குத் தெரிகிறான், மருந்தும் கையில் இருக்கிறது. 1879இல் மொறிஸ் ஜமைக்காவுக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு நோயை ஆராய வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், அந்த இழைகளுக்கும் துருவுக்கும் சம்பந்தமே இல்லை என்று காட்டினார்.

வார்ட் செய்த வேலை சற்று நின்று பார்க்கத்தக்கது. கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைக் கோப்பி மரங்களுக்கிடையே வைத்து, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். சிறுநீரக வடிவம், முதுகு சொரசொரப்பு, அடிப்பக்கம் வழவழப்பு, நீளம் ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டர். உலர்ந்த இலையில் வித்தி சும்மா கிடக்கும். நீர்த்துளி பட்டால் குழாய் விட்டு, இலையின் அடிப்புறத் துளை வழியே உள்ளே போகும். போனபின் மேலே எதைத் தூவினாலும் எட்டாது. செம்மஞ்சள் பொடி தெரிய வாரங்கள் ஆகும். அப்போது காரியம் கைமீறியிருக்கும். அப்படியானால் மருந்து வித்திக்கு முன்பே, இலையின் அடியில் காத்திருக்க வேண்டும்.

1882இல் வார்ட் மருந்தில்லாமல் திரும்பினார். அதனால் அவர் தோற்றார் என்பார்கள். என் பார்வையில், மருந்தை எடைபோடும் அளவுகோலைத் தந்தவர் அவரே. 1885இல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மில்லார்டே அறிவித்ததற்கு வார்டின் அறிக்கை தூண்டுதல் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கலவை, திராட்சைத் தோட்டத்தில் திருடரை விரட்டத் தெளித்ததிலிருந்து வந்தது. ஆனால் அது ஏன் பலித்தது என்பதற்கு வார்டின் நீர்த்துளியே விளக்கம்.

கோப்பியின் இடத்தைப் பிடித்த தேயிலைக்கு 1946இல் கொப்புள நோய் என்ற பங்கசு நோய் வந்தபோது, செம்பு மருந்தே தோட்டங்களைக் காத்தது. செம்புத் துகள் இலைமேலுள்ள ஈரத்தில் சிறிது சிறிதாகக் கரைந்து வித்தியைக் கொல்கிறது. ஆகவே துகளின் மேற்பரப்பே கணக்கு. 10 மைக்ரோமீட்டர்த் துகளை 100 நானோமீட்டராக உடைத்தால் ஒன்று பத்து லட்சமாகும், மேற்பரப்பு நூறு மடங்காகும். குறைந்த செம்பில் கூடிய இலைப்பரப்பை மூடலாம் என்ற நம்பிக்கை இங்கிருந்து வருகிறது. மனித மருத்துவத்தில் ஆம்போடெரிசின்-பி என்ற பங்கசு மருந்தை 100 நானோமீட்டருக்கும் சிறிய கொழுப்புக் குமிழிகளில் ஏற்றியதும், மருந்தைப் பங்கசு இருக்கும் இடத்தில் இறக்கிச் சிறுநீரகத்தைக் காக்கத்தான்.

ஆனால் நானோ மருந்தின் 'கொல்லும் வலு'வை மட்டும் அளந்து மெச்சுவோர், மருந்து எங்கே, எப்போது இருக்கிறது என்று கேளாத மொறிஸின் வாசிப்புக்கே திரும்புகிறார்கள். கொப்புள நோய் தாக்குவது இளங்கொழுந்தை. ஊவாவின் ஹாலிஎலப் பக்கம் வடகீழ்ப் பருவ மழையில் கொழுந்து விடாமல் துளிர்க்கிறது. மருந்து அடித்தபின் விரியும் இலையில் மருந்தே இல்லை. துகள் எவ்வளவு நுண்ணியதானாலும் பிறக்காத இலையில் ஒட்டாது. பறித்துப் போகும் இலையும் அதே கொழுந்துதான் என்பதால் எச்சம் நேரே தேநீருக்கு வருகிறது. இன்னொன்று, தேயிலை மண் அமிலமானது; அதில் செம்பு எளிதில் கரையும். மழையில் கழுவப்பட்டு மண்ணைச் சேரும் நானோ துகள் அங்கே துகளாகவே நீடிக்குமா, கரைந்து வழக்கமான செம்பாகிவிடுமா என்பதைக் கண்ணாடித் தட்டில் செய்யும் சோதனை சொல்லாது. அதைத் தோட்டத்து மண்ணிலேயே, மழைக்காலம் முழுவதும் அளக்க வேண்டும்.