கிளினிக் வழித்துணைப் பணி

ஆங்கிலத்தில் பிராக்டிஸ் ஃபெசிலிடேஷன் எனப்படும் கிளினிக் வழித்துணைப் பணி, குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவரை வெளியிலிருந்து அனுப்பும் ஏற்பாடு. அவர் மாதக்கணக்கில் வந்துபோய், நோயாளிகளைக் கவனிக்கும் முறையை அங்குள்ளவர்களே சீர்செய்துகொள்ள உதவுவார். வழித்துணையாளர்களில் பலர் செவிலியர்கள் அல்லது பொதுச் சுகாதாரம் படித்தவர்கள். இவர்கள் சோதனையிட வரும் அதிகாரிகள் அல்லர். நோயாளிகளுக்கு மருத்துவம் பார்ப்பதும் இவர்கள் வேலையன்று.

ரத்த அழுத்தத்தை எந்த அளவுக்குள் வைக்க வேண்டும், நீரிழிவு உள்ளவரின் கண்ணையும் பாதத்தையும் ஏன் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் மருத்துவர்களுக்குத் தெரியும். அதை வருகிற ஒவ்வொருவருக்கும் தவறாமல் செய்யும் ஒழுங்குதான் பல கிளினிக்குகளில் இல்லை. காய்ச்சலோடு வந்தவரைக் காய்ச்சலுக்குப் பார்த்து அனுப்புவதற்குள் அடுத்தவர் வாசலில் நிற்கிறார். நின்று யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே வழித்துணையாளர் வருகிறார்.

இம்முறை 1982இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கும் திட்டமொன்றில் உருப்பெற்றது. எலைன் ஃபுல்லார்ட் என்ற செவிலியர், மருத்துவர்களான காட்ஃப்ரி ஃபவுலர், மியூர் கிரே ஆகியோருடன் சேர்ந்து இதை வடிவமைத்தார். நடுத்தர வயதினரின் ரத்த அழுத்தம், எடை, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துவைக்கக் கிளினிக் செவிலியர்களைத் தயார்ப்படுத்துவதே முதல் வேலை. 1987இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், உதவி பெற்ற கிளினிக்குகளில் இக்குறிப்புகள் மற்ற கிளினிக்குகளைவிடப் பன்மடங்கு கூடியிருந்தன. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 46 கிளினிக்குகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2001இல் வெளியானது. செவிலியர்களே வழித்துணையாளர்களாக 18 மாதம் பணியாற்றினர். தடுப்பு மருத்துவச் செயல்பாடு ஒப்பீட்டுக் குழுவைவிட 11.5 சதவீதப் புள்ளிகள் முன்னேறியது.

பணியின் உயிர் சிறுசிறு விவரங்களில்தான் இருக்கிறது. ரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம். வழித்துணையாளர் முதலில் ஒரு மூலையில் அமர்ந்து, நோயாளி உள்ளே நுழைவதிலிருந்து வெளியேறுவது வரை என்ன நடக்கிறது என்று பார்ப்பார். படியேறி மூச்சு வாங்க வந்தவருக்கு உடனே பட்டையைக் கட்டி அளப்பதையும், அளவு கூடுதலாக வந்தாலும் மறுபடி அளக்காமல் விடுவதையும் கவனிப்பார். அளந்த எண்ணைக் கணினியில் உரிய கட்டத்தில் இடாமல் மருத்துவர் குறிப்பில் எழுதிவைத்தால், மாதக் கணக்கெடுப்பில் அந்த நோயாளி அளக்கப்படாதவராகவே தெரிவார். 'நாங்கள் எல்லோருக்கும் பார்க்கிறோமே' என்று மருத்துவர் சொல்வதும், கணினி வேறொன்று காட்டுவதும் இப்படித்தான்.

பிறகு எல்லோரையும் உட்காரவைத்து, கிளினிக்கின் சொந்தக் கணக்கையே முன்னால் வைப்பார். வரவேற்பு மேசையில் இருப்பவரும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். நோயாளி எங்கே தவறிப்போகிறார் என்பது பெரும்பாலும் அவருக்குத்தான் தெரியும். மாற்றத்தை ஒரே நாளில் எங்கும் புகுத்துவதில்லை. ஐந்து நிமிடம் அமரவைத்து அளப்பது, கூடுதலாக இருந்தால் மீண்டும் அளப்பது என்பதை ஒரு செவிலியர் ஒரு நாள் செய்து பார்ப்பார். சரிவந்தால் பரப்புவார்கள், இல்லையென்றால் திருத்துவார்கள். திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்ற இச்சுழற்சி தொழிற்சாலைத் தர மேம்பாட்டிலிருந்து வந்தது.

அமெரிக்காவில் இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது வேளாண் விரிவாக்கப் பணி. 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் பல்கலைக்கழக ஆய்வை உழவரின் வயலுக்குக் கொண்டுசென்றதுபோல, மருத்துவ ஆய்வைக் கிளினிக்குக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று கெவின் கிரம்பாக், ஜேம்ஸ் மோல்ட் இருவரும் 2009இல் வாதிட்டனர். 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவும் சேர்ந்தது, நிதிதான் ஒதுக்கப்படவில்லை. 2015இல் எவிடென்ஸ்நவ் என்ற திட்டம், ஏழு வட்டாரக் கூட்டமைப்புகள் வழியாகச் சுமார் 1,500 சிறு கிளினிக்குகளை எட்ட முனைந்தது. தேவைப்படுவோருக்கு ஆஸ்பிரின், ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகிய நான்கும் அதன் இலக்குகள்.

பலனைக் குறித்து 2012இல் 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பாய்வு, வழித்துணை பெற்ற கிளினிக்குகள் சான்றுள்ள வழிகாட்டுதல்களைக் கைக்கொள்ளும் வாய்ப்பு 2.76 மடங்கு என்று கண்டது. ஒருவரிடம் அதிகக் கிளினிக்குகளை ஒப்படைத்தால் பலன் குறைகிறது என்பதும் அதில் தெரிந்தது. செலவைக் குறைக்க எண்ணுவோர் முதலில் கைவைப்பது இந்த இடத்தில்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொலைபேசியில் அவ்வப்போது விசாரிப்பதும், ஒரே பாடத்தை எல்லா இடத்திலும் ஒப்பிப்பதும் வழித்துணை ஆகாது.

இடர்ப்பாடுகளும் உண்டு. ஊழியர்கள் வேலையை விட்டுப் போகிறார்கள். கணினி மென்பொருள் மாறுகிறது. கிளினிக் வேறொருவர் கைக்குப் போகிறது. பார்க்கும் நோயாளிக்கு இவ்வளவு என்று பணம் வரும் முறையில், ஊழியர்கள் கூடிப் பேசும் ஒரு மணி நேரம் கிளினிக்குக்கு இழப்பாகவே கணக்காகிறது. வழித்துணையாளரின் சம்பளமும் பெரும்பாலும் ஆய்வு நிதியிலிருந்தோ, காலவரம்புள்ள அரசு மானியத்திலிருந்தோ வருகிறது. மானியம் முடிந்ததும், அந்தக் கிளினிக்கின் ஆட்களையும் அறைகளையும் அறிந்துகொண்ட ஒருவரின் வருகையும் நின்றுவிடுகிறது.