நூறு கோடி டாலர் தீர்ப்பும் ஏட்டுச் சுரைக்காயும்

விளம்பரம் செய்பவர்தான் அதற்கான செலவையும் ஏற்க வேண்டும். இது வணிகத்தில் எழுதப்படாத விதி. நோட்டீஸ் அடித்தால் அச்சகத்துக்குக் காசு. தபாலில் அனுப்பினால் தபால் தலைக்குக் காசு. இந்த விதியைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது ஸ்பாம் எனப்படும் குப்பை மின்னஞ்சல்.

ஒரு லட்சம் பேருக்குக் குப்பை மடல் அனுப்ப அனுப்புபவருக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆனால் அதை வாங்கி வைக்கும் சர்வர், அது வந்து சேரும் இணைப்பு, அதைப் பிரித்து அழிக்கும் ஊழியரின் நேரம் எல்லாம் பெறுபவரின் கணக்கில்தான் பற்று எழுதப்படும். 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்பது இதற்கு அப்படியே பொருந்தும்.

அமெரிக்கா ஆன்லைன், கம்ப்யூசர்வ் போன்ற பெரிய இணைய நிறுவனங்கள் 1990களின் நடுவிலேயே நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. அவற்றிடம் பணமும் வழக்கறிஞர் படையும் இருந்தன. சிறிய நிறுவனங்கள் என்ன செய்தன? மூன்று வழக்குகளைப் பார்த்தாலே அந்தக் கதை தெரிந்துவிடும்.

ஆஸ்டின், 1997

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் நகரில் ஒரு தம்பதி 'பிளவர்ஸ்.காம்' என்ற முகவரியைப் பதிவு செய்து வைத்திருந்தனர். 1997 மார்ச் மாதத்தில் கலிபோர்னியாவிலிருந்து இயங்கிய ஒரு சிறு நிறுவனம், இலவசப் பண உதவி பெறும் வழியைச் சொல்லித் தருவதாக ஏராளமானோருக்கு மடல் அனுப்பியது. அனுப்புநர் இடத்தில் தன் முகவரியைப் போடாமல் பிளவர்ஸ்.காம் முகவரியைப் போட்டுவிட்டது. போய்ச் சேராத மடல்கள் ஆயிரக்கணக்கில் இந்தத் தம்பதியின் பெட்டிக்குத் திரும்பி வந்து குவிந்தன.

தம்பதியும், அவர்களுக்கு இணைய வசதி அளித்த ஜில்கர் இன்டர்நெட் பார்க் என்ற உள்ளூர் நிறுவனமும் சேர்ந்து வழக்குத் தொடர்ந்தனர். அன்று குப்பை மடலுக்கென்று தனிச் சட்டம் அங்கே இல்லை. ஆகவே அத்துமீறல், தொல்லை என்ற பழைய சட்டக் கோட்பாடுகளின் அடிப்படையில் நீதிமன்றத்தை அணுகினர். அடுத்தவர் நிலத்தில் குப்பை கொட்டக் கூடாது என்றால் அடுத்தவர் சர்வரிலும் கொட்டக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. இழப்பீடு 18,910 டாலர்.

கிளின்டன், 2004

அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள சிறு நகரம் கிளின்டன். அங்கே சிஐஎஸ் இன்டர்நெட் சர்வீசஸ் என்ற நிறுவனத்தை ராபர்ட் கிரேமர் என்பவர் நடத்தி வந்தார். வாடிக்கையாளர்கள் சுமார் 5,000 பேர். 2000ஆம் ஆண்டில் இவரது சர்வர்களுக்கு நாளொன்றுக்கு 1 கோடி வரை குப்பை மடல்கள் வந்ததாக நீதிமன்ற ஆவணங்கள் கூறுகின்றன. வகுத்துப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு நாளைக்கு 2,000 மடல்! ஐயாயிரம் பேரின் சந்தாவை நம்பியிருக்கும் ஒரு தொழில் இந்தச் சுமையை எத்தனை நாள் தாங்கும்?

கிரேமர் சுமார் 300 பேர் மீது வழக்குப் போட்டார். குப்பை மடல் ஒன்றுக்கு 10 டாலர் இழப்பீடு கேட்க அயோவா சட்டம் இடமளித்தது. மாஃபியா கும்பல்களை ஒடுக்க 1970இல் கொண்டுவரப்பட்ட 'ரிகோ' என்ற கூட்டாட்சிச் சட்டம் அதை மூன்று மடங்காக்கியது. 2004 டிசம்பரில் நீதிபதி சார்லஸ் வோல் தீர்ப்பளித்தார். ஏஎம்பி டாலர் சேவிங்ஸ் நிறுவனம் 72 கோடி டாலர், கேஷ் லிங்க் சிஸ்டம்ஸ் 36 கோடி டாலர், மூன்றாவது நிறுவனம் 1 லட்சத்து 40 ஆயிரம் டாலர் தர வேண்டும். கூட்டினால் நூறு கோடி டாலருக்கும் மேல்!

அதோடு நிற்கவில்லை. 28 கோடி மடல்கள் அனுப்பிய ஃபுளோரிடாக்காரர் ஒருவர் மீது 2006 ஜனவரியில் 1,120 கோடி டாலருக்குத் தீர்ப்பு வந்தது.

ஆனால் 2004இல் வந்த தீர்ப்புகள், எதிர்த் தரப்பினர் வழக்காட வராததால் ஒருதலையாக வழங்கப்பட்டவை. இந்தத் தொகை கைக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கை கிரேமரின் வழக்கறிஞருக்கே இல்லை. வணிகவியலில் முதலாண்டு பாடமே இதற்குப் பதில் சொல்லிவிடும். பெற வேண்டிய தொகை வேறு, பெற்ற தொகை வேறு. கடனாளியிடம் சொத்து இல்லையென்றால், நீதிமன்றமே முத்திரை குத்திக் கொடுத்தாலும் அது வராக்கடன்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

வாஷிங்டன், 2009

கூட்டாட்சி அரசும் 2003 டிசம்பரில் 'கேன்-ஸ்பாம்' சட்டத்தை இயற்றியது. குப்பை மடலைப் பெறும் சாதாரண மனிதர் இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியாது. அரசு அமைப்புகளுக்கும் இணையச் சேவை நிறுவனங்களுக்கும் மட்டுமே அந்த உரிமை.

இதைப் பயன்படுத்தப் பார்த்தார் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கார்டன். வாடகை சர்வரில் ஒரு சிறு நிறுவனம் வைத்திருந்த அவர், வெர்ச்சுமண்டோ என்ற விளம்பர நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். ஆனால் அவர் குப்பை மடல்களைத் தடுக்காமல் வேண்டுமென்றே சேர்த்து வைத்து, வழக்குப் போடுவதையே வருமானமாக்கிக் கொண்டவர் என்று நீதிமன்றம் கண்டது. எதிர்த் தரப்புக்கு வழக்குச் செலவாகச் சுமார் 1 லட்சத்து 11 ஆயிரம் டாலர் அவரே தர வேண்டும் என்று 2007இல் உத்தரவானது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கு வழக்குத் தொடரும் தகுதியே இல்லை என்றது. உண்மையான சேவை நிறுவனமாக இருக்க வேண்டும், வழக்கமான தொல்லையைத் தாண்டிய பாதிப்பும் இருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. தீர்ப்பு நியாயமானதே. ஆனால் அதன் பிறகு, நிஜமாகவே பாதிக்கப்பட்ட சிறு நிறுவனங்களும் தங்கள் பாதிப்பை நிரூபிக்கக் கூடுதலாகப் போராட வேண்டியதாயிற்று.

மிச்சம் என்ன?

குப்பை மடல் ஒழிந்துவிடவில்லை. இன்று நம் பெட்டியில் அது குறைவாகத் தெரிவதற்குப் பெரும் காரணம் நீதிமன்றங்கள் அல்ல, வடிகட்டி மென்பொருள்கள்தான். அவற்றுக்கான செலவும் பெறுபவர் பக்கமே விழுகிறது.

அப்படியானால் இந்த வழக்குகள் வீணா? பணத்தால் மட்டும் அளந்தால் வீண் என்றே தோன்றும். ஆனால் 'இது வெறும் விளம்பரம், பிடிக்காவிட்டால் அழித்துவிடுங்கள்' என்று அனுப்பியவர்கள் சொல்லிவந்த காலத்தில், இது அடுத்தவர் சொத்தின் மீதான அத்துமீறல் என்று நீதிமன்றத்தைச் சொல்ல வைத்தவர்களில் ஆஸ்டின் தம்பதியும் இருந்தார்கள். அந்தச் செலவுக்கு மடலுக்கு இத்தனை டாலர் என்று விலை போட வைத்தவர் ஐயாயிரம் வாடிக்கையாளர்களை வைத்திருந்த ஒரு சிறு வணிகர். பணம் வசூலாகாமல் போகலாம். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதாவது சரியாக எழுதப்பட்டது.